ஒட்டிய கல்லும் கட்டிய கல்லும்

சென்ற மாதம் திருவனந்தபுரத்தில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கிழக்கேகோட்டை வாசலுக்கு உள்ளே, பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியிருக்கும் அக்ரகாரத் தெருக்களில் ஒன்றில் அவருடைய தாத்தா காலத்து வீடு. ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்து கால் நீட்டி உட்காரும் திண்ணையில் இந்த முறை இடமில்லை. இடுப்பளவு உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. நண்பர் ஒரு பெட்டியைப் பிரித்து, முழ நீளத்தில் ஒரு கல் பட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம். ஆங்காங்கே துருவின் சாயல். பக்கவாட்டில் பார்த்தால் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக இருந்தது. சாவியால் கீறிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு விழுந்தது. ஒன்றாம் வகுப்பில் நான் 'அ' எழுதிப் பழகிய அதே கல். சிலேட்டு.

நண்பர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மகன் பெங்களூரில், இன்னொருவன் மஸ்கட்டில். மனைவிக்கு முழங்கால் வலி. குளியலறையோ கொல்லைக் கோடியில். ஓட்டுக் கூரை நாலு இடத்தில் ஒழுகுகிறது. ஆகவே முன்பகுதியை இடித்துவிட்டு கான்கிரீட்டில் ஒரு மாடி எழுப்புவது, தெருவைப் பார்த்த முகப்பு முழுவதும் சிலேட்டு ஒட்டுவது என்று முடிவு செய்திருந்தார். வரைபடம்கூடத் தயார். ஆனாலும் மனதுக்குள் ஏதோ உறுத்தல் இருந்திருக்க வேண்டும். காப்பி வருவதற்குள் கேட்டுவிட்டார்:

"கோட்டையும் கல்லு. கோயிலும் கல்லு. நான் ஒட்டப்போறதும் கல்லுதான். ரோஸ் கலர் பெயின்ட் அடிக்கறவனைவிட நான் எவ்வளவோ மேல் இல்லையா? இதுல என்ன தப்பு, சொல்லு."

நியாயமான கேள்வி. பழமையான தெருவில் புதுக் கட்டடம் எழுப்பும் பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பழைய ஊரில் இயற்கைக் கல் என்றால் அது பொருந்தித்தானே தீர வேண்டும்? உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் தங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு கிழக்கேகோட்டையைச் சுற்றி நடந்த பிறகுதான் ஓரளவு பிடிபட்டது. வாசகர்களில் பலர் இதே முடிவை எடுக்கும் நிலையில் இருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. இப்படிச் சுவரின் மேல் கல் ஒட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'கிளாடிங்' என்று பெயர். கொத்தனார்களும் கடைக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். முகப்புக்கு அவர்கள் அகராதியில் 'எலிவேஷன்'. மொழிபெயர்ப்பில் பிழைக்கிறவனுக்குச் சும்மா இருக்க முடியுமா? 'கல் உறை', 'கல் போர்வை' என்றெல்லாம் யோசித்து, கடைசியில் 'ஒட்டுக்கல்' என்றேன். நண்பர் முகம் சுளித்தார். "ஒட்டுன்னு சொன்னா மதிப்பு கொறையறதே!" பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருந்தது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

சிலேட்டின் பூர்வீகத்தைப் பார்க்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்த களிமண், பூமியின் அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகி உருமாறிய பாறை அது. அந்த அழுத்தமே அதற்கு ஒரு குணத்தைக் கொடுத்திருக்கிறது: உளி வைத்துத் தட்டினால் தகடு தகடாகப் பிரியும். தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. நம் பள்ளிச் சிலேட்டுகளுக்கு ஆந்திரத்தின் மார்க்காபூர் பேர்போனது. நோட்டுப் புத்தகமும் பிளாஸ்டிக்கும் வந்து பள்ளிச் சிலேட்டை ஓரங்கட்டிய பின், அந்தப் பாறை தரைக்கும் சுவருக்குமான வில்லைகளாகக் கப்பலேறத் தொடங்கியது. அரியானாவில் ரேவாரி பக்கத்துக் குண்டு, ராஜஸ்தானின் ஆல்வார் பகுதி, இமாசலத்தின் காங்க்ரா என்று வேறு சுரங்கங்களும் உண்டு.

காங்க்ராவில் இந்தக் கல்லைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு புரியும். தர்மசாலா பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக் கூரைகளே சிலேட்டுதான். மலையிலிருந்து பெயர்த்த தகடுகளை மீன் செதில் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஆணியடித்திருப்பார்கள். மழையும் பனியும் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மலைகளும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் உலகின் பல நகரங்களுக்குக் கூரை போட்டது அந்தச் சிலேட்டு. 2021-ல் யுனெஸ்கோ அந்தச் சுரங்க நிலப்பரப்பையே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் 2004-ல் திறக்கப்பட்ட மிலேனியம் கலை மையத்தில் பல நிறச் சிலேட்டுகளை வரிவரியாக அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கட்டடம் முழுக்க முழுக்க நவீனம். கல் அந்த மண்ணுடையது. பார்ப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

சிலேட்டு நல்ல கல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கிழக்கேகோட்டையில் அதற்கு என்ன வேலை?

மறுநாள் காலை கோட்டை வாசலுக்குப் போனோம். எதிரே நகரப் பேருந்துகளின் இரைச்சல். தெருவுக்கு அந்தப் பக்கம் சாலைக் கடைத்தெரு. தமிழ் வாசகர்களுக்கு இந்த வட்டாரம் அந்நியமல்ல. சாலையில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' நாவல் இந்தக் கோயிலைச் சுற்றியே நடக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் (1729-1758) வலுப்பெற்ற கோட்டை இது. வெள்ளையடித்த வாசலும் மேலே இரண்டு மண்டபங்களும் இன்றும் நிற்கின்றன. மதில் சில இடங்களில் மிஞ்சியிருக்கிறது. பல இடங்களில் போய்விட்டது. வழிவிடுவதற்காக மதிலை வெட்டித் திறந்த இடத்துக்கு 'வெட்டிமுறிச்ச கோட்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த ஊரின் கற்கள் இரண்டு. ஒன்று கருங்கல். மற்றது மலையாளிகளும் குமரி மாவட்டத்துக்காரர்களும் 'வெட்டுகல்' என்று சொல்லும் செம்பாறை. பூமிக்குள் இருக்கும்போது மிருதுவாக இருக்கும். கோடரியாலேயே வெட்டி எடுக்கலாம். காற்றும் வெயிலும் பட்டால் இறுகும். 1807-ல் வெளியான தன் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலப்புறத்து அங்காடிப்புரத்தில் பார்த்த இந்தக் கல்லுக்கு 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். மலையாளத்தில் இதற்கு இன்னொரு பெயர் 'செங்கல்லு'. தமிழில் செங்கல் என்றால் சூளையில் சுட்டது; அதை மலையாளி 'இஷ்டிக' என்பார். மலையாளக் கட்டுரை ஒன்றில் வந்த 'செங்கல்லை' நான் ஒருமுறை செங்கல் என்றே மொழிபெயர்த்து, அச்சில் வந்த பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆக, திருவிதாங்கூர் வீடு என்பது வெட்டுகல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து, மேலே மரச்சட்டமும் ஓடும். சிலேட்டு இந்தப் பட்டியலில் எங்குமே கிடையாது. மார்க்காபூரிலிருந்து வந்தால் அது ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்திருக்க வேண்டும். ரேவாரியிலிருந்து என்றால் இரண்டு மடங்குக்கும் மேல்.

"தூரத்திலிருந்து வந்ததனாலயே தப்பா?" என்றார் நண்பர். தப்பில்லை. சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே படிகச் சிம்மாசனம் வரை வெளிநாட்டுப் பொருட்கள் உண்டு. தெருவுக்கு அது காட்டும் முகமோ மரமும் ஓடும்தான். கூரையைத் தாங்கும் 122 மரக்குதிரைகளைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. வந்த பொருளுக்கு எங்கே இடம் கொடுப்பது என்று அந்தக் காலத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

கோயிலுக்குள் போனோம். கோபுரத்துக்கு அடித்தளம் போட்டது 1566-ல் என்கிறார்கள். ஏழு நிலை, ஏறக்குறைய 100 அடி உயரம். அமைப்பு நம் பக்கத்துக் கோபுரங்களைப் போலத்தான்: கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். கனம் கீழே, இலேசு மேலே. உள்ளே சீவேலிப்புரையின் தூண்கள் ஒவ்வொன்றும் முழுக் கல். கருவறைக்கு முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபம் ஒரே பாறை. சதுரமாக 20 அடி, கனம் இரண்டரை அடி. நகரத்தை அடுத்த திருமலையிலிருந்து அதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அனந்தசயனத்தை மூன்று வாசல் வழியாகத் தரிசிக்க எல்லோரும் ஏறி நிற்பது அந்தக் கல்லின்மேல்தான். இந்தக் கோயிலில் எந்தக் கல்லைத் தொட்டாலும் அது எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறது: கூரையை, விளக்கை, மனிதர்களை.

வெளியே வந்து மகாத்மா காந்தி சாலையோரம் புதுக் கட்டடங்களைப் பார்த்தபடி நடந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து தினமும் வேலைக்கு வரும் கொத்தனார் ஒருவரும் கூட இருந்தார். நண்பர் வீட்டு வேலையை ஒப்புக்கொண்டவர் அவர்தான். ஒரு வணிக வளாகத்தைக் காட்டி, "சார், அதைப் பாருங்க" என்றார். தரைத்தளம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு மேல் மூன்று மாடிக்குக் கல். "கண்ணாடி கல்லைச் சுமக்குது!" என்று சிரித்தார். கோபுரத்தைத் தலைகீழாக நிறுத்தியது போலிருந்தது. நிஜத்தில் சுமப்பது உள்ளே மறைந்திருக்கும் கான்கிரீட் தூண்கள். கல் வெறுமனே தொற்றிக்கொண்டிருக்கிறது. முந்தின நாள் நண்பருக்குக் கசந்த 'ஒட்டு' என்ற சொல்லின் பொருள் இங்கே கண்ணுக்குத் தெரிந்தது. கட்டிய கல் பாரத்தைத் தாங்கும். ஒட்டிய கல்லே ஒரு பாரம். அதை வேறொன்று தாங்க வேண்டும்.

பாரம் என்றால் எவ்வளவு? திண்ணையில் திரும்பி வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சிலேட்டு தண்ணீரைவிட ஏறக்குறைய 2.75 மடங்கு கனமானது. இரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 55 கிலோ. நண்பர் வீட்டு முகப்பு ஐந்து மீட்டர் அகலம், மாடியோடு சேர்த்து ஏழு மீட்டர் உயரம்; 35 சதுர மீட்டர். ஜன்னல், கதவு நீங்கலாகப் பார்த்தாலும் ஒன்றரை டன் கல், தெருவில் நடக்கிறவர்கள் தலைக்கு மேலே தொங்கப் போகிறது. எதை நம்பி? சுவருக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் ஒரு விரற்கடை சிமென்ட்டை நம்பி.

தாழ்வான சுவரில் அது போதும். உயரம் கூடினால் போதாது. துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளால் ஒவ்வொரு வரிசையையும் சுவரோடு பிணைக்க வேண்டும். வெயிலில் கல் விரிவதற்கு நடுநடுவே இடைவெளி விட வேண்டும். பின்னால் புகுந்த மழைநீர் வெளியேற வழி வேண்டும். திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரண்டு பருவமழைகளும் உண்டு. சராசரி 1,800 மில்லிமீட்டர். மழை விட்டவுடன் சுள்ளென்ற வெயில். நனைவதும் காய்வதுமாகச் சிமென்ட்டின் பிடி தளரும். சிலேட்டு தகடு தகடாகப் பிரியும் கல் என்பதால் ஒட்டிய தகடு சுவரில் நிற்க, முன்பக்கத் தகடு மட்டும் உதிர்வதும் உண்டு. கல்லுக்குள் இரும்புக் கந்தகம் கலந்திருந்தால் இரண்டொரு மழையில் துரு வழிந்து கோடு போடும். பளபளப்புக்காகக் கடையில் பூசித் தரும் வார்னிஷ் மஞ்சளித்துத் தோலுரியும். "நிக்கும் சார். எத்தனை மழைக்கு நிக்கும்னுதான் கேக்கணும்" என்றார் கொத்தனார்.

பணம் போதாவிட்டால் இடிக்காமலே, பழைய சுவரின் மீதே ஒட்டிவிடலாம் என்று கடைக்காரர் யோசனை சொல்லியிருந்தாராம். இது இன்னும் மோசம். வெட்டுகல் துளைகள் நிறைந்த கல். தரையிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை வாங்கும். சுண்ணாம்புப் பூச்சின் வழியாக அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட்டும் சிலேட்டும் வைத்து மூடினால் ஈரம் போக வழியில்லாமல் உள்பக்கம் திரும்பும். உப்புப் பூத்து உட்சுவர் பொரிந்து கொட்டும். வெளியே முகப்பு ஜம்மென்று இருக்க, உள்ளே வீடு நோய்ப்படும்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். இந்தக் கல்லை அளவுக்கு நறுக்குவது கொத்தனாரின் கை இயந்திரம்தான். தண்ணீர் விடாமல் அறுத்தால் எழும் தூசியில் சிலிக்கா உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நுரையீரல் இறுகிச் செத்துப்போனார்கள். 1982-ல் அந்த மாநிலம் அவர்களுக்கென்றே ஒரு நல நிதிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. நம் வீட்டு வாசலில் ஒரு வாரம் கல் அறுக்கப்படும்போது தண்ணீர்க் குழாயும் முகமூடியும் ஏற்பாடு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. எஸ்டிமேட்டில் அந்த வரி இருப்பதில்லை.

"அப்படின்னா பழசு மாதிரியே கட்டணும்கறயா?" என்று நண்பர் மடக்கினார். அதுவும் இல்லை. கான்கிரீட் பலகையைச் சாய்வாக வார்த்து அதன்மேல் ஓடு பதித்து, சிமென்ட்டில் மரத்தூண் செய்து பெயின்ட் அடித்து 'பாரம்பரிய' பாணி என்று விற்கிறார்கள். அதுவும் ஒட்டுதான். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கு உலக அளவில் அடிப்படையாகக் கருதப்படும் வெனிஸ் சாசனம் (1964), தவிர்க்க முடியாமல் புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும், அதில் நம் காலத்தின் முத்திரை இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. மொழிபெயர்ப்பிலும் இதே விதிதான். பாரதி காலத்து மலையாளக் கதையைத் தமிழாக்கும்போது பாரதி காலத்துத் தமிழைப் போலி செய்தால் வாசகருக்கு இரண்டு காலமும் கிடைக்காது.

புதியது பழைய இடத்தில் பொருந்த முடியும் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே சாட்சி உண்டு. சென்னையில் மாநிலக் கல்லூரியையும் செனட் ஹவுசையும் கட்டிய ராபர்ட் சிஸம்தான் இங்கே நேப்பியர் அருங்காட்சியகத்தை (1880) வடிவமைத்தார். இந்த ஊர்க் கூரையின் சாய்வை எடுத்துக்கொண்டார்; சுவரைத் தன் காலத்துச் செங்கல்லில், தன் காலத்து முறையில் கட்டினார். கிழக்கேகோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில், தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி, லாரி பேக்கரின் இந்தியன் காப்பி ஹவுஸ் இருக்கிறது. சுருள் சுருளாக மேலேறும் செங்கல் கட்டடம். ஒரு வீட்டுக்கான பொருட்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை நினைவில் வைத்திருந்தவர் பேக்கர். செங்கல்லுக்கு அதன் முகமே போதும், பூச்சு எதற்கு என்பது அவர் கட்சி. கிழக்கேகோட்டைச் சந்திப்பிலேயே 2022-ல் திறந்த எஃகு நடைமேம்பாலம் இருக்கிறது. அழகாக இருக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அது தன்னை 18ஆம் நூற்றாண்டு என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஒட்டுக்கல்லே ஆகாது என்றும் சொல்ல முடியாது. ஜெய்ப்பூரில் சார்ல்ஸ் கொரியா கட்டிய ஜவாஹர் கலா கேந்திராவின் சுவர்களில் சிவப்பு மணற்கல் ஒட்டப்பட்டதுதான். அந்தக் கல்லில் வளர்ந்த ஊர் அது. ஒட்டுகிற வேலையும் முறையாக நடந்தது. டெல்லியில் லோதி கல்லறைகளை ஒட்டி 1962-ல் எழுந்த இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் ஜோசப் ஸ்டைன் டெல்லிப் பாறையையே சுவராக அடுக்கினார். கல்லறையைப் போல எதையும் செய்யவில்லை, உயரத்தை அடக்கிக்கொண்டார். கட்டடம் தோட்டத்தோடு ஒன்றிப்போயிற்று.

உயரம் என்றவுடன் மதுரை நினைவுக்கு வந்தது. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடங்கள் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று தமிழக அரசு 1997-ல் ஆணையிட்டது. கேரளத்திலும் கலை, பாரம்பரிய ஆணையம் என்ற ஏற்பாடு உண்டு. பழமையான இடங்களில் எழும் கட்டடங்களின் தோற்றம் பற்றிக் கருத்துச் சொல்வது அதன் வேலை. 2016-ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. விதிகள் உயரத்தையும் தோற்றத்தையும் கட்டுப்படுத்தலாம். ஒரு தெருவைத் தெருவாக்கும் மற்றதெல்லாம் வீட்டுக்காரர்கள் கையில்தான்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் படியில் நின்று நண்பர் வீட்டைப் பார்த்தோம். பக்கத்து வீடுகளோடு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் வரிசை வீடு. ஒரே கூரை முகடு ஏழெட்டு வீடுகளுக்கு மேல் நேர்கோடாக ஓடுகிறது. கீழே திண்ணைகளும் அதேபோல் ஒரே கோடு. மழைக்கு யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். ஆறாட்டு ஊர்வலம் பார்க்க வருகிறவர்கள் உட்காரலாம். இந்தத் தெருவின் பழமை சுவரில் எந்தக் கல் என்பதில் இல்லை. அந்த இரண்டு கோடுகளில் இருக்கிறது. நண்பரின் வரைபடத்தில் இரண்டும் அறுபட்டிருந்தன. திண்ணை இருந்த இடத்தில் கார் நிறுத்த இரும்புக் கதவு. மேலே தட்டையான மாடி. கோட்டைக்குப் பொருத்தமாகக் கல் வைத்தாகிவிட்டது என்ற சமாதானம் அந்த அறுப்பை மறைத்துக்கொண்டிருந்தது.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சரி. தெருவுக்கு அழகு. ஊருக்குப் பெருமை. டூரிஸ்ட் போட்டோ பிடிச்சிண்டு போறான். ஓடு மாத்தற செலவு மட்டும் என்னுதா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. புதுச்சேரியைத்தான் சொல்ல முடிந்தது. அங்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதியின் பழைய வீட்டு முகப்புகளைச் சீரமைத்தபோது, செலவில் ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு வெளியிலிருந்து கிடைத்தது. இன்டாக் அமைப்பு முன்னின்று செய்த அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது வந்தது. பத்மநாபனின் ஊரில் வசிக்கும் ஓய்வூதியக்காரரிடம் 'பாரம்பரியத்தைக் காப்பாற்று' என்று சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமானால், ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் ஆகும் செலவில் ஊரும் பங்கேற்க வேண்டும். வெறும் தடைகளை மட்டும் விதித்தால் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக் கிடக்கும், அல்லது விடுதிகளாகும். ஒட்டுக்கல்லைக் குறை சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது வெறும் ரசனைப் பேச்சுதான்.

போன வாரம் நண்பர் தொலைபேசியில் பேசினார். வரைபடத்தை மாற்றிவிட்டாராம். முன்பகுதி அப்படியே இருக்கும். முற்றத்துக்குப் பின்னால் கொல்லைப் பக்கம் மாடி எழும்பும். தெருவிலிருந்து பார்த்தால் முகட்டுக்கு மேல் தெரியாது. மனைவிக்குக் கீழேயே குளியலறை. கூரைக்கு ஓடு மாற்றும் செலவு முழுக்க அவருடையதுதான். மஸ்கட் மகன் கொஞ்சம் அனுப்புகிறானாம்.

"சிலேட்டு?" என்றேன்.

கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். கொத்தனார்தான் வழி சொல்லியிருக்கிறார். கொல்லைப் பக்கத்துப் புதுச் சுவரில், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மட்டும் பதிக்கிறார்கள். கூரைத் தண்ணீர் விழுந்து சேறு தெறிக்கிற இடம் அது. தண்ணீர் குடிக்காத கல்லுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. அறுக்கும்போது தண்ணீர் விட ஒரு பையனைத் தனியாக வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"அப்பவும் பாதிப் பெட்டி மிச்சம்" என்று அலுத்துக்கொண்டார். "திண்ணையிலதான் கெடக்கு. வந்தா ஒரு ஓரமா உக்காந்துக்கோ."